இடது பின்கதவு

பக்கத்து நிட்டிங் கம்பெனியில் கரண்ட் நின்ற பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. விடிந்ததிலிருந்து சுவரையும் தரையையும் சோற்றுத் தட்டையும்கூட லேசாக நடுங்க வைத்துக்கொண்டிருக்கும் வட்டப் பின்னல் இயந்திரங்கள் அத்தனையும் ஒரே மூச்சில் அடங்கின. பஞ்சுத் தூசி காற்றில் அப்படியே தொங்கி நின்றது. தெருவுக்கே காது அடைத்ததுபோல் ஆகிவிட்ட அந்தச் சாயங்கால அமைதிக்குள், வீட்டை ஒட்டிய தகர ஷெட்டிலிருந்து ஒரே ஒரு தடவை, சின்னதாக, ‘டக்’ என்றது.

திருமூர்த்திக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். கார்க் கதவுக்குள் இருக்கும் சின்ன மோட்டார் பூட்டை இழுக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிடும்போது வருகிற சத்தம். எந்தக் கதவு என்பதும் தெரியும். அவன் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தான். மாடிப்படிக்கு அடியில் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த பேட்டரியைப் பார்த்தான். காரிலிருந்து அதைக் கழற்றி வைத்துப் பதினொரு நாள் ஆகிறது.

“கேட்டுச்சுங்களா?” என்றாள் அனுசுயா, சமையல்கட்டு வாசலில் நின்றபடி.

“தகரமா இருக்கும். வெயில் எறங்குனா சுருங்கும்ல.”

“நாலு நாளா கேக்குதுங்க. இதே நேரத்துக்கு.”

மணி ஆறடிக்க இருபது நிமிடம் இருந்தது. அந்த நேரத்தில் அவர்கள் இருவருமே கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

திருமூர்த்தி நிட்டிங் இயந்திரங்களுக்கு ஃபிட்டர். பதினாறு வருடமாக அவிநாசி ரோட்டுக் கம்பெனிகளில் அதே வேலை. ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் கண்ணை மூடி நின்றால், ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்று முறிந்திருப்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவான். அவன் மனைவி அனுசுயா ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். பனியனை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பழுதைக் கண்டுபிடிப்பதுதான் இரண்டு பேருக்கும் பிழைப்பு. அவர்களுக்குத் தரணி என்று ஒரு மகள் இருந்தாள். எட்டு வயது. அம்மாவை உட்கார வைத்துச் சடை பின்னப் பழகிக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. ராயபுரத்தில் டியூஷன் விட்டதும் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, கம்பெனி வாசலில் காத்திருந்த அனுசுயாவைக் கூட்டிவரப் புறப்பட்டான். வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்றது. முன்னால் போன வேன் தாண்டிவிட்டது, நாமும் தாண்டிவிடலாம் என்று இறக்கினான். ஆறடிக்க இருபது நிமிடம் இருக்கையில், நட்டநடுவில் இன்ஜின் அணைந்தது. அணைந்த கொஞ்ச நேரத்தில் கதவுப் பூட்டுகள் எல்லாம் தாமாகவே விழுந்தன. அவன் பக்கத்துக் கண்ணாடி மட்டும் இறங்கியிருந்தது. அதன் வழியாக வெளியே குதித்து, இடுப்பளவுத் தண்ணீரில் வண்டியைச் சுற்றி வந்து, மகள் உட்கார்ந்திருந்த இடது பின்கதவை இழுத்தான்.

திறக்கவில்லை. மேட்டிலிருந்து தண்ணீர் சரிந்து வந்துகொண்டே இருந்தது, சாயமும் சாக்கடையும் கலந்து கருநீலமாக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரணி சீட்டின்மேல் முட்டிபோட்டு நின்று, எப்போதும் அவனிடம் பேசுகிற அதே மரியாதையோடு, “அப்பா, தொறக்க மாட்டேங்குதுங்க... அப்பா, இது தொறக்கலீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்சீட்டுக்குத் தாவி என் ஜன்னல் வழியாக வா என்று சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை. கடைசிவரைக்கும் தோன்றவில்லை. அவன் பழுது பார்க்கிறவன். கதவு என்றால் திறக்கும். இன்னும் ஒரு இழுப்பில் திறந்துவிடும் என்றே அவன் இழுத்துக்கொண்டிருந்தான். டிராக்டர் வந்து கயிறு கட்டி வண்டியை வெளியே எடுத்தபோதும் அவன் கை அந்தக் கைப்பிடியைப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று அவனிடம் இருந்தது.

ஆவணி மாதமே அந்தக் கதவு மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. மூன்று கை மாறி வந்த பழைய கார். கண்ணாடி பாதியில் நிற்கும். பூட்டு நினைத்தால் வேலை செய்யும், நினைத்தால் செய்யாது. “பாப்பா உக்காருற பக்கமுங்க, சித்த என்னனு பாத்துப்போடுங்க” என்று அனுசுயா மூன்று தடவை சொன்னாள். மூன்றாம் தடவை அவன் பார்த்தான். கதவுக்கும் வண்டிக்கும் நடுவே ஒயர்கள் போகிற ரப்பர் குழாயை உருவி, ஒயர்களை இணைக்கும் கனெக்டரைப் பிரித்ததும், செம்புப் பின்கள் எல்லாம் பச்சை பூத்துப் பொருக்குத் தட்டிப் போயிருந்தன. மழைத் தண்ணீர் இறங்கி அரித்திருக்கிறது. அரித்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டுப் புதுப் பின் அடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அப்போது பார்த்துக் கம்பெனியிலிருந்து இயந்திரம் நின்றுவிட்டதென்று போன் வந்தது. கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, ரப்பரை மூடிவிட்டுக் கிளம்பினான். அதற்குப் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை வந்து போயின. ஏழாவதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அந்த மழை.

போலீஸ்காரர் கேட்டபோது, “கதவு நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்றான். மாமனார் கேட்டபோதும் அதையே சொன்னான். அனுசுயா கேட்கவே இல்லை.

ஸ்டேஷனில் நின்ற கார் தை பிறந்துதான் திரும்பி வந்தது. விற்றுவிடலாம் என்றான். அனுசுயா தலையை மட்டும் ஆட்டினாள், கூடாது என்று. ஷெட்டில் ஏற்றி, பேட்டரியைக் கழற்றி, தார்ப்பாய் போட்டு மூடினான். மூடிய எட்டாம் நாளிலிருந்து அந்தச் சத்தம்.

மறுநாள் சாயங்காலம் ஷெட்டுக்குள் போய் நின்று கேட்டான். தார்ப்பாய்க்கு அடியில் வெயிலில் காய்ந்த ரப்பர் வாசனை. அதற்கும் அடியில், பாயைத் தூக்கியவுடன் மூக்கில் அறைந்தது, பாலத்தடித் தண்ணீரின் வாசனை. மற்ற மூன்று கதவுகளும் திறந்தன. இடது பின்கதவு மட்டும் உள்ளேயிருந்தும் திறக்கவில்லை, வெளியிலிருந்தும் திறக்கவில்லை. கம்பெனியில் கரண்ட் நின்றது. அவன் கதவில் உள்ளங்கையை வைத்தான். தகடு குளிர்ந்திருந்தது.

டக்.

உள்ளங்கையில் உணர்ந்தான். யாரோ அந்தப் பக்கத்திலிருந்து ஒற்றை விரலால் தட்டியதுபோல.

திரும்பினால் அனுசுயா நின்றுகொண்டிருந்தாள்.

“தொறக்கப் பாக்குறாளுங்க,” என்றாள். அழவில்லை. மூன்று மாதமாக அவள் அழுதுகொண்டேதான் இருந்தாள், இப்போது அழவில்லை. “அவளால முடியலீங்க. நீங்க பாத்துக் குடுங்க.”

அவனுக்குத் தனியாக அதில் கை வைக்கப் பயமாக இருந்தது. கார் எலக்ட்ரீசியன் தங்கவேலுவைக் கூப்பிட்டான். பழங்கரைப் பிரிவில் கடை வைத்திருப்பவர், அறுபது வயது, எதற்கும் பதறாத ஆள். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, நல்ல வெயிலில், மொபெட்டில் வந்து இறங்கினார். காரைப் பற்றி அவருக்கும் தெரியும் என்பதால் ஒன்றும் கேட்காமல் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, ரப்பர் குழாயை உருவினார்.

“தம்பி, இதென்னுங்க, டேப் சுத்தியிருக்குது?” என்றார்.

திருமூர்த்தி குனிந்து தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தான்.

“தண்ணிக்குள்ள போனப்பறம் சுத்துனதில்லீங்க இது. அதுக்கு முந்தியே சுத்தியிருக்குது. பாருங்க, டேப்புக்கு அடியிலயே பச்சை கட்டிக் கெடக்குது. யாருங்க பாத்தது?”

“தெரீலீங்ண்ணா. பழைய ஓனரா இருக்கும்.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். ஷெட் வாசலில் அனுசுயா இரண்டு டம்ளர் டீயோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. டீயை நீட்டினாள். ஆடை கட்டியிருந்தது.

தங்கவேலு டேப்பைக் கிழித்தார். கனெக்டரைப் பிரித்ததும் பச்சைத் தூள் அவர் வேட்டியில் உதிர்ந்தது. தூளோடு சேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணீரும். தை மாதம். மழை பெய்து அறுபது நாளுக்கு மேல் ஆகிறது. அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தார். பழக்கத்தில், ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லைட்டின் கவ்வியை வண்டியின் தகட்டில் மாட்டி, ஊசி முனையைப் பூட்டு ஒயரின்மேல் வைத்தார்.

விளக்கு எரிந்தது.

“பேட்டரி மாட்டியிருக்குதுங்களா?”

“இல்லீங்ண்ணா.”

சின்ன மஞ்சள் வெளிச்சம். பளிச்சென்று எரியவில்லை, மெல்லக் கூடியது, மெல்லக் குறைந்தது, மறுபடி கூடியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் இருவருக்கும் அது எதைப்போல இருக்கிறது என்று புரிந்தது. தூங்குகிற குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதுபோல இருந்தது. பிறகு வேகமாகியது. ஓடி வந்து நின்ற குழந்தையைப்போல. அதற்கும் மேல் வேகமாகியது.

தங்கவேலு ஊசியை எடுத்துவிட்டார். கருவிகளைத் துடைக்காமலே பைக்குள் போட்டார். புதுப் பின்களும் கனெக்டரும் இருந்த பொட்டலத்தைத் தரையில் வைத்தார்.

“இந்த வண்டிய ஒடச்சு எடைக்குப் போட்டுருங்க தம்பி. நானு பாக்கலீங்க. என்ற பேத்திக்கும் எட்டு வயசுதானுங்க.” டீயைத் தொடாமலே போய்விட்டார்.

அனுசுயா பொட்டலத்தை எடுத்துத் திருமூர்த்தியின் கையில் வைத்தாள்.

“நீங்களே பாருங்க,” என்றாள்.

மொத்தம் ஒன்பது ஒயர்கள். கண்ணாடிக்கு இரண்டு, பூட்டுக்கு மூன்று, ஸ்பீக்கருக்கு இரண்டு, கதவு விளக்குக்கு இரண்டு. அரித்த முனையை நறுக்கி, உள்ளே பளபளக்கிற செம்பு தெரியும்வரை உரித்து, புதுப் பின்னை நசுக்கிப் பிடித்து, சால்டர் கம்பியால் ஈயம் உருக்கிப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் உறை மாட்டி, மெழுகுபோன்ற கிரீஸ் தடவி மூட வேண்டும். கம்பெனியிலிருந்து நாலு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவான். அனுசுயா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்காருவாள்.

முதல் ஒயரை அரை அங்குலம் நறுக்கினான். செம்பு கறுத்திருந்தது. இன்னும் அரை அங்குலம். கறுப்பு. நான்கு விரற்கடை நறுக்கியும் கறுப்பே வந்தது. நறுக்கிய ஒவ்வொரு முனையிலும் ரத்தம் கட்டுவதுபோல ஒரு துளி கருநீலத் தண்ணீர் திரண்டு நின்றது. தலைமுடி மாதிரி மெல்லிய செம்பிழைகளுக்குள் எப்படி இவ்வளவு தண்ணீர் இருக்க முடியும் என்று அவனுக்கு விளங்கவில்லை. துடைத்தான். திரண்டது. துடைத்தான். பழைய பனியன் வேஸ்ட் துணி ஒரு கைப்பிடி நனைந்து போயிற்று. அதில் சாக்கடை வாசனைக்கு நடுவே, மிக லேசாக, தரணிக்குப் பூசுகிற பவுடரின் வாசனை இருந்தது. அவன் அதை மூக்கோடு அழுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் நாள் ஸ்பீக்கர் ஒயர்களைச் சேர்த்தான்.

சால்டர் ஆறியதும் கதவிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். வானொலியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே வருவதுபோல. பிறகு சொட்டு. சொட்டு விழுகிற இடைவெளியில் மூச்சு. திருமூர்த்தி அசையவில்லை. மூச்சு கிட்டத்தில் வந்தது. வாயைக் குழாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு விடுவதுபோல.

“அப்பா.”

அவன் கை தானாகவே போய் ஒயரைப் பிடுங்கி எறிந்தது.

ஷெட் அமைதியாகிவிட்டது. தூரத்தில் கம்பெனி வேன் ஒன்று தொழிலாளர்களை இறக்கிவிட்டுப் போகிற சத்தம், யாரோ இந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டு போகிற சத்தம். அவன் நெற்றியைக் கதவில் முட்டுக் கொடுத்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதான். மகளின் குரலைக் கேட்டதற்கு அழவில்லை. மகளின் குரலைக் கேட்டுத் தன் கை பயந்துபோனதற்கு அழுதான்.

“ஏனுங்க நிறுத்துனீங்க?” அனுசுயா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் காதை வைத்துக்கொண்டாள். “பேசட்டும் உடுங்க.”

“ஒயரப் புடுங்கிட்டேன், அனு. ஒண்ணும் கேக்காது.”

அவள் காதை எடுக்கவில்லை. கொஞ்சம் கழித்து, “ஆமா கண்ணு,” என்றாள். அவனைப் பார்த்து இல்லை. “ஆமா. பக்கத்து ஊட்டு நாய் குட்டி போட்டுருக்குது. அஞ்சு. இன்னும் கண்ணு முழிக்கல.” நிறுத்தினாள். கேட்டாள். சிரித்தாள். “அதெல்லாம் ஆகாது சாமி, கடிச்சுப்போடும்.”

தரையில் ஒயரின் இரண்டு முனைகளும் ஒரு சாண் விலகிக் கிடந்தன.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அனுசுயாவும் போகவில்லை, அவள் ஒரு வாரமாகவே போவதில்லை என்பது சூப்பர்வைசர் போன் செய்தபோதுதான் தெரிந்தது. காலையிலிருந்து அவள் ஷெட்டிலேயே இருந்தாள். சோறு உண்ண வரவில்லை. அவன் வாசலில் நின்று பார்த்தான். கதவில் சாய்ந்து உட்கார்ந்து, வெயில் நகர நகரத் தானும் நகர்ந்து, மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள்: பள்ளிக்கூடத்தில் அரைப்பரீட்சை முடிந்துவிட்டது, உன் பெஞ்சில் வேறு பிள்ளையை உட்கார வைக்கவில்லை, டீச்சரம்மா கேட்டார்கள். நடுநடுவே நிறுத்துவாள். அந்த நிறுத்தங்கள்தான் அவனை வதைத்தன. ஒரு குழந்தை பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ சரியாக அவ்வளவு நேரம். அவள் முகம் தெளிந்திருந்தது. கல்யாணமான புதிதில் இருந்த முகம். அந்த முகத்தைத் திரும்பப் பார்க்கக் கிடைத்ததே என்று ஒரு நிமிடம் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதுவே அவனை உட்கார வைத்தது. மிச்ச வேலையையும் முடித்துக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தான். மகள் வெளியே வரட்டும். எப்படி இருந்தாலும் வரட்டும்.

மூன்று மணியிலிருந்து தலை நிமிராமல் செய்தான். விளக்கு ஒயர்கள். கண்ணாடி ஒயர்கள். பிடுங்கியெறிந்த ஸ்பீக்கர் ஒயர்களை மறுபடி சேர்த்தான். ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதுபோல. வெளிச்சத்துக்காக டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தான். உள்ளே பின்சீட்டு காலியாக, சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது.

பூட்டு ஒயர்கள் மூன்றில் இரண்டு முடிந்தன. வெயில் மஞ்சளாகிச் செம்மையானது. கடைசி ஒயரைக் கையில் எடுத்தான்.

“இந்தக் கதவு முந்தியே கெட்டிருந்துச்சுங்களா?” என்றாள் அனுசுயா.

அவன் கையிலிருந்த சால்டர் புகைந்தது. பழைய ஓனர் என்று சொல்ல வாய் எழுந்தது. சொல்லியிருக்கலாம். போலீசிடமும் மாமனாரிடமும் சொன்னதைப் போல இதையும் சொல்லித் தாண்டியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு அவனால் முடியவில்லை.

“ஆவணியிலயே பாத்தேன் அனு,” என்றான். “நாந்தான் டேப் சுத்துனேன். ஞாயித்துக்கெழம பண்ணிக்கலாம்னு இருந்தேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அவள அதுல உக்கார வெச்சேன்.”

அடிப்பாள், மண்ணை வாரி எறிவாள், கத்துவாள் என்று காத்திருந்தான். அவற்றில் எது நடந்திருந்தாலும் அவன் பிழைத்திருப்பான்.

“அவ சொல்லீட்டாளுங்க,” என்றாள் அவள். “வண்டி வந்த அன்னைக்கே.”

சால்டர் முனை விரலில் பட்டும் அவன் கையை எடுக்கவில்லை.

“கோவம் இல்லீங்க எனக்கு. அவளுக்கும் இல்லீங்க. அப்பா பாவம்மா, கை வலிக்க வலிக்க இழுத்தாருங்கம்மான்னு சொல்றா.” அவள் கதவைத் தடவினாள். “தனியா இருக்கத்தான் பயமா இருக்குதாமுங்க.”

அவன் சால்டரை வைத்தான். சேர்ந்துவிட்டது. பின்னைத் தள்ளி, புதுக் கனெக்டரின் இரண்டு பாதியையும் அழுத்தினான். பற்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டன.

அதே நேரம் கம்பெனியில் கரண்ட் நின்றது.

டக்.

இந்தத் தடவை சத்தம் பாதியில் நிற்கவில்லை. முழுதாக, சுத்தமாக, எண்ணெய் போட்டதுபோல் பூட்டு மேலே எழுந்தது. இடது பின்கதவு தானாகவே நான்கு விரல் அகலம் திறந்து நின்றது.

யாரும் இறங்கவில்லை.

அவன் காத்திருந்தான். அனுசுயா காத்திருக்கவில்லை. கதவை அகலத் திறந்தாள். குனிந்தாள். “வந்துட்டேன் கண்ணு,” என்றாள். ஏறி உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டாள், பஸ்ஸில் ஏறுகிறவளைப்போல, நிதானமாக.

“அனு! எறங்கு!”

கதவு மூடியது.

டக்.

டிரைவர் பக்கம் திறந்திருந்தது. ஓடினான். அவன் கை எட்டுவதற்குள் அதுவும் அறைந்து மூடியது. டக். முன்னால் இடது. டக். பின்னால் வலது. டக். கண்ணாடிகள் ஒரே சீராக ஏறின. டிரைவர் கண்ணாடியின் இடுக்கில் விரலை விட்டான். அது நிற்கவில்லை. நகம் பிய்ந்தது. உருவிக்கொண்டான்.

“முன்னுக்கு வா அனு! முன்சீட்டுக்கு வா! இந்தப் பக்கம் வா!” என்று கத்தினான். மூன்று மாதம் பிந்தி அவனுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒன்றுமில்லை. ஆனால் சேலை அமுங்கியிருந்தது, பாரம் வைத்ததுபோல.

கனெக்டர். அவன் தாவி வந்து ரப்பர் குழாயைப் பிய்த்தான். ஒன்பது ஒயரையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தான். அறுந்து கையோடு வந்தன. உலர்ந்த ஒயர்கள். பளபளக்கிற செம்பு. பூட்டு எழவில்லை.

உள்ளே சேறு கறுத்தது. நனைந்தது. அவள் பாதம் மறைந்தது.

அவன் ஜாக்கி லிவரை எடுத்துக் கண்ணாடியில் அடித்தான். கையில் அதிர்வு மட்டும் வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி அடித்தான். கீறல்கூட விழவில்லை. கருநீலம் சீட்டைத் தொட்டது. இடுப்பைத் தொட்டது. அவள் இரண்டு கைகளையும் மடியில் வளைத்துப் பிடித்திருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. பாடுகிறாளா, கதை சொல்கிறாளா, தெரியவில்லை. கழுத்து. வாய். அப்போதும் அசைந்துகொண்டிருந்தது.

கண்கள். நெற்றி. கூரை.

அவன் லிவரைக் கீழே போட்டான். யாரையாவது கூப்பிடத் தெருப் பக்கம் இரண்டு அடி வைத்தான், அவளை விட்டுப் போக முடியாமல் திரும்பினான். காலடியில் தரை காய்ந்து, புழுதியாக இருந்தது. காரிலிருந்து ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

கரண்ட் வந்தது. பக்கத்துக் கம்பெனியில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின. ஷெட்டின் ட்யூப்லைட் இரண்டு முறை துடித்து எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் அசைவில்லாமல் நின்றது. அனுசுயா கண்ணைத் திறந்தபடி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக் கொடுத்து, பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த கூந்தல் முதுகுக்குப் பின்னால் கறுப்பாக மிதந்தது. அங்கே ஒரு கையும் தெரியவில்லை, யாரும் இல்லை. ஆனால் அந்தக் கூந்தல் உச்சியிலிருந்து மெல்ல மூன்றாகப் பிரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. கொஞ்சம் கோணலாக, பழகிக்கொண்டிருக்கிற சின்ன விரல்கள் பின்னுவதைப்போல, பின்னிக்கொண்டே கீழே இறங்கியது.